ஐந்தடி நாலங்குல விமானி

திண்டிவனம்
18-4-1960

என் கண்ணான தம்பி தாண்டவராயனுக்கு, அக்காள் தையல்நாயகி மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உன் மாமாவின் பல்வலியைத் தவிர எல்லாம் சுகம். பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொண்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

மயிலம் கோயில் மண்டபத்தில் பெண் பார்த்துவிட்டு நீ ரயிலேறிப் போனாய். மறுநாளே விழுப்புரத்திலிருந்து பெண்ணின் அப்பா வந்து நிற்கிறார். ஜங்ஷனில் ரயில் கார்டாக இருக்கும் அந்தச் சின்னதுரைதான். "பையன் கம்பீரமா உக்காந்துக்கினு இருந்தாருங்க, எங்க எல்லாருக்கும் புடிச்சிருக்குது" என்றார். காந்திமதிக்கும் சம்மதமாம். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மாப்பிள்ளை பெண்ணைவிட நாலு விரலாவது உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள் என்றார். பெண் ஐந்தடி மூன்றாம். நீ ஐந்தடி ஏழு என்று சொல்லிவிட்டேன்.

உடனே திட்டாதே. மண்டபத்தில் எழுந்திருக்காதே என்று நான் உனக்கு ஏன் கண்ணைக் காட்டினேன் என்று நினைக்கிறாய்? விமானத்திலிருந்து குதித்ததில் காலில் சுளுக்கு என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். உட்கார்ந்தால் நீ ஆறடி ஆள் மாதிரிதான் தெரிவாய், சின்ன வயதிலிருந்தே அப்படி. தாலி ஏறிய பிறகு யார் டேப்பைத் தூக்கிக்கொண்டு வரப் போகிறார்கள்?

அம்மாவும் அப்பாவும் போன பிறகு உனக்கென்று இருப்பது நான்தான். நல்ல பெண், பள்ளிக்கூடத்தில் டீச்சர், சிரித்த முகம். உன் வாயால் இதைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் நல்ல சேதிக்காகத் தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்
அக்காள் தையல்நாயகி


பெங்களூர்
27-4-1960

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். நான் சௌக்கியம். மாமா பல்லுக்குக் கிராம்பு வைத்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பார்க்கட்டும்.

ஐந்தடி ஏழா? இன்னும் ஓரங்குலம் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே, வாய் வலித்ததா? நான் ஐந்தடி நாலு அக்கா. அதற்கு ஒரு நூல் குறைந்திருந்தாலும் விமானப்படையில் என்னைச் சேர்த்திருக்க மாட்டார்கள். இப்படிச் சொல்லிவைத்தால் கல்யாணத்தன்று நான் என்ன, உட்கார்ந்தபடியே தாலி கட்டிவிட்டு உட்கார்ந்தபடியே அக்னியைச் சுற்றுவதா?

ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன். காந்திமதியை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பலகாரத் தட்டை வைத்துவிட்டுப் போகும்போது ஒரு நொடி என்னைப் பார்த்துச் சிரித்ததே, அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அதனால் உன்னைத் திட்டவும் வாய் வரவில்லை.

இங்கே ஒரு புது வேலை. நம் பையன்கள் இப்போது முன்னால் விசிறி சுற்றும் சின்ன விமானத்தில் பழகிவிட்டு நேரே சண்டைக்குப் போகும் ஜெட்டுக்குத் தாவுகிறார்கள். நடுவில் பழகுவதற்கென்று ஒரு ஜெட் வேண்டும். ஆசிரியரும் மாணவரும் அருகருகே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து இரண்டு விமானங்கள் வந்து நிற்கின்றன. மூன்றாவது இங்கேயே நம்மவர்கள் வரைந்தது, இப்போதைக்கு மரத்தில் செய்த மாதிரி மட்டும் இருக்கிறது. இவற்றைப் பார்த்துக் கருத்து எழுத மூன்று விமானிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதில் நானும் ஒருவன். விமானங்களின் பெயரெல்லாம் எழுதக் கூடாது.

அன்புத் தம்பி
தாண்டவராயன்


திண்டிவனம்
9-5-1960

தம்பிக்கு ஆசீர்வாதம். உன் மாமா பல்லைப் பிடுங்கிக்கொண்டார், இப்போது கேப்பைக் கூழ் மட்டும்தான். மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம்.

உன் கடிதத்தை மாமா தம் மல்லாட்டை மண்டிக்கு எடுத்துக்கொண்டு போய் உரக்கப் படித்துவிட்டார். கடலை மூட்டை தூக்குகிறவர்கள் முதல் தராசுக்காரர் வரை எல்லோருக்கும் பூந்தி. "இந்த நாட்டுலயே மூணு பேருதான், அதுல ஒருத்தன் எங்க தாண்டவராயன்" என்று சொல்லிச் சொல்லி, பல் போன வாய் வலியைக்கூட மறந்துவிட்டார். சம்பந்தி விழுப்புரத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு ரயிலிலும் இதையேதான் சொல்லிக்கொண்டு போகிறாராம். ஆவணியில் முகூர்த்தம் பார்த்தாயிற்று.

பெண் வீட்டில் உனக்குக் கோட்டும் சூட்டும் தைக்கிறார்கள். அளவு கேட்டார்கள். உன் மாமா சரியாக ஐந்தடி ஏழு. அவரை நிற்கவைத்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லி, அளந்து அனுப்பிவிட்டேன்.

எல்லாம் நல்லபடி நடக்க மயிலம் முருகனை வேண்டிக்கொள்ளும்
அக்காள்


பெங்களூர்
20-5-1960

அக்காவுக்கு வணக்கம். நலமாக இருக்கிறேன். மாமாவுக்குப் பல் வலி தீர்ந்ததில் சந்தோஷம். அவருடைய கால்சட்டையில் எனக்குக் கல்யாணம் செய்யப் பார்ப்பதில் சந்தோஷமில்லை.

பூந்தி கொடுத்தது கொடுத்தாயிற்று. இனிமேல் கெட்டிக்காரன் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். போன கடிதத்திலேயே எழுதியிருப்பேன், வெட்கமாக இருந்தது. எங்கள் மூவரையும் எப்படிப் பொறுக்கினார்கள் என்றால், படையில் இருப்பதிலேயே உயரமானவர் ஒருவர், குள்ளமானவர் ஒருவர், நடுத்தரம் ஒருவர். எல்லா உயரத்துக்கும் விமானம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? உயரமானவர் கில், ஸ்குவாட்ரன் லீடர், எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். குள்ளமானவன் உன் தம்பி. டாக்டர் என்னை அங்குலம் அங்குலமாக அளந்துவிட்டு, "இடுப்புக்கு மேலே நீ கில்லுக்குத் தம்பி, இடுப்புக்குக் கீழே பள்ளிக்கூடப் பிள்ளை" என்றார். உட்கார்ந்தால் நான் உயரமாகத் தெரிவதன் ரகசியம் இதுதான்.

முதல் விமானத்தில் நான் சுகமாக உட்கார்ந்தேன், கில்லின் தலை கண்ணாடிக் கூரையில் இடித்தது. இரண்டாவது அவருக்குச் சட்டை தைத்த மாதிரி இருக்கிறது, ஆனால் எனக்குக் கால் எட்டவில்லை. வாலில் இருக்கும் சுக்கானைத் திருப்ப இரண்டு பெடல்கள் உண்டு, காலால் மிதிக்க வேண்டும். பெடலை எவ்வளவு பின்னால் இழுத்தாலும் மூன்று விரல் போதவில்லை. கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே என் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகினார். எட்டியது. இந்த விமானம்தான் மேலே எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. தலையணையோடு பறந்துவிட்டுச் சரி என்று எழுதிக்கொடு என்கிறார்கள்.

விழுப்புரத்துக்கு என் சரியான அளவை நீயே எழுதிவிடு அக்கா. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

தாண்டவராயன்


திண்டிவனம்
1-6-1960

தம்பிக்கு ஆசி. வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

அரசாங்கமே தலையணை வைத்துக்கொள் என்கிறது. அப்புறம் உனக்கென்ன பேஜாரு? பேசாமல் வைத்துக்கொண்டு சரி என்று எழுதிக்கொடு. கல்யாணத்துக்கும் அதேதான். குதிகால் உயர்ந்த பூட்சு ஒன்று வாங்கு, தலைப்பாகையை நான் கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொல்கிறேன். மூன்று அங்குலம் எப்படியோ வந்துவிடும். விழுப்புரத்துக்கு நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. நீயும் எழுதாதே.

அக்காள்


பெங்களூர்
28-6-1960

அக்காவுக்கு வணக்கம். பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னிக்கவும். நான் நலம். தலையணையோடு பறந்தேன். இடது காலில் கொஞ்சம் பிடிப்பு, இப்போது தேவலை. வேறு விசேஷமில்லை.

தலையணை என்ற பேச்சையே இனி உன் கடிதத்தில் எடுக்காதே.

தாண்டவராயன்


பெங்களூர்
30-6-1960

செல்வி காந்திமதிக்கு, தாண்டவராயன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் பெற்றோரும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கடிதம் போடுவது நம் பக்கத்து வழக்கமில்லை. இதை நீங்கள் அப்பாவிடமும் தாராளமாகக் காட்டலாம்.

என் உயரம் ஐந்தடி நாலு. மயிலத்தில் நான் எழுந்திருக்காததற்குச் சுளுக்கு காரணமில்லை. என் அக்கா என்மேல் உள்ள ஆசையில் மூன்று அங்குலம் கூட்டிவிட்டார். அது தெரிந்தும் நான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நீங்கள் இல்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் கில் என்ற அதிகாரியும் நானும் அந்தப் புது விமானத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பறந்தோம். எனக்குக் கால் எட்டுவதற்காக முதுகில் தலையணை. விமானம் சில சமயம் பம்பரமாகச் சுற்றிக்கொண்டே கீழே விழும். அதை வேண்டுமென்றே விழவைத்து மீட்டுக் காட்டுவதும் பாடத்தில் ஒன்று. மீட்க வேண்டுமானால் சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப் பெடலைக் கடைசிவரை மிதிக்க வேண்டும். நான் பலத்தையெல்லாம் கூட்டி மிதித்தேன். தலையணை அழுந்திப்போய் முதுகு பின்னால் போயிற்று, கால் எட்டவில்லை. வயலும் ஏரியும் கண்ணெதிரே சுற்றிக்கொண்டு மேலே வந்தன. கில் தம் நீளக்காலால் மிதித்திருக்காவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. இதை அக்காவுக்கு நான் எழுதவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டார்.

இறங்கிய பிறகு யோசித்தேன். அந்த இடத்தில் தனியாகப் பறக்கும் ஒரு மாணவர் இருந்தால்? என் உயரத்தில் எத்தனையோ பேர் வரப் போகிறார்கள். அதனால் தலையணை வேண்டாம், இந்த விமானம் எனக்குப் பொருந்தவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். விமானம் சரிதான், ஆள்தான் பொருந்தவில்லை என்று மேலே இருப்பவர்கள் திருப்பி எழுதலாம். உங்கள் வீட்டிலிருந்தும் அதே பதில் வரலாம்.

எழுதிக் கையெழுத்துப் போட்டபோதே உங்கள் ஞாபகம்தான் வந்தது. அங்கே வேண்டாம் என்று சொன்ன தலையணையை உங்கள் விஷயத்தில் மட்டும் எப்படி வைத்துக்கொள்வது? உங்களை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. என்னை நிற்கவைத்துப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவு சொல்ல வேண்டும்.

எந்தப் பதிலானாலும் உங்கள் நலம் கோரும்
தாண்டவராயன்


திண்டிவனம்
14-7-1960

தாண்டவராயனுக்கு. நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன், எழுதாதே என்று. எழுதிவிட்டாய். உன் மாமா நேற்று கல்யாண வேலையாக விழுப்புரம் போனபோதுதான் உன் கடிதம் வந்த சேதி தெரிந்தது. சம்பந்தி வீட்டில் இல்லை, ரயிலோடு காட்பாடிக்குப் போயிருக்கிறாராம். அந்த அம்மாள் ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டு, "அவரு வந்ததும் சேதி சொல்லி அனுப்புறோங்க" என்று கதவோரமாக நின்றுகொண்டார்களாம். காந்திமதி கண்ணில்கூடப் படவில்லை. அந்தக் கோட்டும் சூட்டும் உள்ளே கொடியில் தொங்குவதை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு நாளில் ஆடி பிறக்கிறது. இனி எவரும் நல்ல பேச்சை எடுக்க மாட்டார்கள். மண்டியில் எல்லோரும் கல்யாணத் தேதி கேட்கிறார்கள், நாங்கள் என்ன சொல்வது?

நீ உண்மை பேசுகிறவன்தான், ஒப்புக்கொள்கிறேன். உன் அக்காள்தான் பொய்க்காரி. ஆனால் தம்பி, தனியாக உட்கார்ந்து நீ சாப்பிடுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குத்தான் சொன்ன பொய் இது.

கோபம் தீராத
தையல்நாயகி

கால் பிடிப்புக்கு வேப்பெண்ணெய் தடவு.


விழுப்புரம்
ஆடிப் பெருக்கு, 2-8-1960

மதிப்பிற்குரிய உங்களுக்கு, காந்திமதி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் காலில் பிடிப்பு என்று உங்கள் மாமா அம்மாவிடம் சொன்னாராம், இப்போது எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுதுங்கள்.

பதில் தாமதமானதற்குக் கோபம் காரணமில்லை. ஆடியில் நல்ல சேதி எழுதக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டார்கள், பெருக்கு அன்றைக்கு மட்டும் எழுதலாமாம். அதற்கு முன்னால் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்தை நானே அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் எழுந்து டூட்டிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் மூலையில் போட்டுவிட்டு ஆரம்பித்தார். "ஏமாத்திட்டாங்க. மூணு அங்குலம் முழுங்கிட்டாங்க. நம்மள என்னான்னு நெனச்சிக்கினு இருக்காங்க" என்று தெருவே கேட்கும்படி சத்தம். அம்மா நடுங்கிப்போய் அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்கள். நான் அவருக்கு முன்னால் போய் நேராக நின்றேன்.

நான் ஐந்தடி ஆறு. ஐந்தடி மூன்று இல்லை. இதற்கு முன்னால் இரண்டு இடத்தில் பெண் ஒட்டகச்சிவிங்கியாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்கள். அதனால் மயிலத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டே நடக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு வாரம் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். புடவைக்குள் யாருக்குத் தெரியப் போகிறது? பலகாரத் தட்டையும் பிடித்துக்கொண்டு, முழங்காலையும் மடக்கிக்கொண்டு, அந்த மண்டபம் முழுவதும் நடந்தேன். தட்டை வைத்துவிட்டு நான் சிரித்தது உங்களைப் பார்த்துத்தான் என்றாலும், பாதிச் சிரிப்பு கால் வலி தீர்ந்ததற்காக. அப்புறம் இரண்டு நாள் படியேற முடியவில்லை.

அப்பா என்னை அண்ணாந்து பார்த்தார். கத்துவதை விட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "அவங்க மூணு ஏத்தினாங்க, நாம மூணு எறக்கினோம். ரெண்டு பக்கமும் சரிக்குச் சரியா ஏமாத்திக்கினு இருந்திருக்கோம். இதுக்கு மேல என்னா பொருத்தம் வேணும்" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவும் உள்ளேயிருந்து சிரித்தார்கள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

ஆக, நான் உங்களைவிட இரண்டு அங்குலம் உயரம். நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். என்னைப் பொறுத்தவரை, உயிர் தப்பி இறங்கி வந்து, முன்பின் தெரியாத மாணவர்களுக்காக அப்படி எழுதிக்கொடுத்தவரை விட்டுவிட்டு ஐந்தடி ஏழுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்க நான் தயாராக இல்லை. அந்த விமானம் விழுந்த பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்போதே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

உங்கள் சம்மதம் வந்தால் கால்சட்டையை நானே வெட்டிச் சரிசெய்துவிடுவேன். கோட்டு அப்படியே இருக்கட்டும், இடுப்புக்கு மேலே நீங்கள் உயரம்தானாமே, அதையும் உங்கள் மாமாதான் எங்கள் அம்மாவிடம் சொன்னாராம்.

அன்புடன்
காந்திமதி


பெங்களூர்
8-8-1960

அக்காவுக்கும் மாமாவுக்கும் கோடி வணக்கம். நான் நலம், நலம், நலம்.

விழுப்புரத்துக்குத் தந்தி அடித்துவிட்டேன். ஆவணி முகூர்த்தத்தில் மாற்றமில்லை. சம்பந்தியே உன்னிடம் வந்து விவரம் சொல்வார். அவர் சொல்லும்போது சிரிக்காமல் கேள், உன்னால் முடிந்தால்.

ஆபீஸ் சேதியும் வந்துவிட்டது. என் குறிப்புக்குக் கீழே கில்லும் கையெழுத்துப் போட்டிருந்தார். குள்ளமான ஆளை மாற்ற முடியாது, பெடலை மாற்ற முடியும் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். அந்த இரண்டாவது விமானம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. நம் மர மாதிரியையே விமானமாகக் கட்டப் போகிறார்கள். நேற்று கில்லையும் என்னையும் மாறி மாறி அதில் உட்காரவைத்து, இருவருக்கும் எட்டுகிற மாதிரி பெடலை நகர்த்தினார்கள். அது பறக்க இன்னும் சில வருஷம் ஆகும். ஆகட்டும்.

நீ சொன்ன பொய்யைப் பற்றி எனக்குக் கோபமே இல்லை அக்கா. அதைச் சொல்லியிருக்காவிட்டால் அவர்கள் மயிலத்துக்குப் பிறகு திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஜல்தியாகப் பூந்திக்குச் சொல்.

உன் தம்பி


பெங்களூர்
6-11-1960

அன்புள்ள அண்ணிக்குக் காந்திமதியின் வணக்கங்கள். அண்ணன் நலமா? தலை தீபாவளிக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய மல்லாட்டை உருண்டை நேற்றுத்தான் தீர்ந்தது. உங்கள் தம்பி நன்றாகச் சாப்பிடுகிறார், தனியாக உட்கார்ந்து இல்லை.

இங்கே எல்லாம் பழகிவிட்டது. நாங்கள் சாயங்காலம் நடக்கப் போனால் ஜனங்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்கள் தம்பிக்கு அதெல்லாம் கண்ணிலேயே படுவதில்லை.

நேற்று எனக்குச் செருப்பு வாங்கப் போனோம். வழக்கம்போல் தட்டையாக ஒன்று எடுத்துக் காட்டச் சொன்னேன். மேல் தட்டில் சிவப்பாக, குதிகால் உயர்ந்த ஜோடி ஒன்று இருந்தது. நான் பார்த்ததை இவர் பார்த்துவிட்டார்.

"அது வேணுமா?"

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம். உசரமாத் தெரிவேன்னு எங்கம்மா வாங்கித் தந்ததே இல்ல."

"ஆசை இருக்குதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

இருந்தது, அண்ணி. பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் டக் டக்கென்று நடந்து வரும்போதெல்லாம் இருந்தது. தலையை ஆட்டினேன். இவர் கடைக்காரரிடம் அதை எடுக்கச் சொல்லி, தாமே குனிந்து வாரைப் போட்டுவிட்டார். கடையில் அத்தனை பேர் பார்க்க. "நடந்து காட்டு, நான் பாக்கணும்" என்றார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு.

அப்படியே போட்டுக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்து வந்தோம். வீடு வரும்வரை இவர் என் கையை விடவில்லை. புதுச் செருப்பு இரண்டு காலையும் கடித்துவிட்டது. நாளைக்கும் போட்டுக்கொள்ளப் போகிறேன்.

என்றும் உங்கள் அன்புக்குரிய
காந்திமதி